பேக்லிங்க்கை விலைக்கு வாங்கலாமா? ஒரு மாடித்தோட்டத் தளத்தை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஓர் இணையதளம் நடத்துகிறேன். ஒன்றரை வருடம் ஆகிறது, எழுபது கட்டுரைகள் இருக்கின்றன. கூகுளில் பெரும்பாலானவை இரண்டாம் பக்கத்திலேயே நிற்கின்றன. '3,000 ரூபாய்க்கு 500 பேக்லிங்க், எல்லாம் டிஏ 40-க்கு மேல்' என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? வேண்டாமென்றால் இயற்கையாக லிங்க் வரவைப்பது எப்படி?

பதில்:

வாங்க வேண்டாம். பேக்லிங்க் என்பது வேறு தளங்கள் உங்கள் பக்கத்துக்குக் கொடுக்கும் லிங்க், 'டிஏ' என்னவென்று பிறகு பார்ப்போம். ஏன் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லும் வழிகளுக்கெல்லாம் அந்தக் காரணம்தான் அடிப்படை.

ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும், அதாவது கூகுளின் நிறுவனர்கள், 1998-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் லிங்க்கை வைத்துப் பக்கங்களை மதிப்பிடும் பேஜ்ரேங்க் கணக்கு விளக்கமாக வந்தது. ஓர் ஆய்வாளர் இன்னொருவரின் கட்டுரையை மேற்கோள் காட்டினால் அது அந்தக் கட்டுரைக்கு ஒரு சான்று. அதே மாதிரி ஒரு வலைப்பக்கம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அதையும் சான்றாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் எல்லாச் சான்றுக்கும் ஒரே எடை தரவில்லை. லிங்க் கொடுக்கும் பக்கத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறதோ, அதை அங்கிருந்து வெளியே போகும் லிங்க்குகள் பங்கிட்டுக்கொள்ளும். ஐந்து லிங்க் உள்ள பக்கத்தில் உங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. 500 லிங்க் அடுக்கிய பக்கத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு. அந்தப் பக்கத்துக்கே மதிப்பில்லை என்றால் எத்தனையில் ஒரு பங்கு கிடைத்தும் பயனில்லை.

கூகுள் இன்று பயன்படுத்துவது அந்த ஆரம்பக் கணக்கை விட எவ்வளவோ நுட்பமானது. லிங்க் பக்கத்தின் எந்த இடத்தில் இருக்கிறது, படிக்கிறவர் அதைச் சொடுக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து எடையை மாற்றும் முறைக்கு 2010-இலேயே கூகுளுக்குக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. கட்டுரையின் நடுவில், பேச்சோடு பேச்சாக வரும் லிங்க் வேறு. பக்கத்தின் அடியில் முப்பது பெயர்களோடு கிடக்கும் லிங்க் வேறு.

இப்போது அந்த 500-ஐப் பிரித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட பொட்டலங்களில் பெரும்பாலும் இருப்பவை இவைதான்: யாரும் போகாத தளங்களில் உங்கள் பெயரில் தொடங்கிய உறுப்பினர் பக்கங்கள், பழைய வலைப்பூக்களில் 'நல்ல பதிவு' என்று போட்ட பின்னூட்டங்கள், இலவச டைரக்டரிகள், காலாவதியான டொமைன்களை வாங்கி லிங்க் விற்பதற்கென்றே ஒருவர் நடத்தும் வலைப்பூக் கூட்டம். இவற்றில் பல பக்கங்கள் கூகுளின் அட்டவணையிலேயே ஏறியிருக்காது. விற்பவர் மாதிரிக்குப் பத்து முகவரி கொடுத்தால், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பக்கமே தேடலில் வரவில்லை என்றால் அங்கிருந்து வரும் லிங்க் எதற்கு?

2012 ஏப்ரலில் வந்த பென்குயின் அப்டேட் இப்படி லிங்க் குவித்த தளங்களைக் கீழே தள்ளியது. 2016 செப்டம்பரில் அதைக் கூகுள் தன் மைய முறைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. அதுமுதல் பெரும்பாலும் தண்டிப்பதில்லை, அப்படிப்பட்ட லிங்க்கைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெய்ன் என்ற இயந்திரக்கற்றல் முறையை லிங்க் வாங்கும் தளங்களையும் விற்கும் தளங்களையும் கண்டுபிடிக்கப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆக, வாங்கிய லிங்க் வேலை செய்தாலும் சில காலம்தான். பிறகு சத்தமில்லாமல் பூஜ்யமாகும். அதோடு வந்த ஏற்றமும் போகும். 'கூகுள் என் தளத்தைத் தண்டித்துவிட்டது' என்று பலர் வருந்துகிறார்களே, அதில் பல தண்டனையே இல்லை. கிடைக்கக்கூடாத மதிப்பு திரும்பப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நிஜமான தண்டனையும் உண்டு. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைக்கு நடந்தது எல்லோரும் அறிந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்கு லிங்க் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கூகுள் ஆட்கள் கையால் நடவடிக்கை எடுத்ததும், சில தேடல்களில் முதலிடத்தில் இருந்த பக்கங்கள் சில மணி நேரத்தில் எழுபதாம் இடத்தை ஒட்டிப் போயின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு விளம்பரத்தில் ஈடுகட்டிக்கொள்ள வழி இருந்தது. எழுபது கட்டுரைத் தளத்துக்கு அது கிடையாது.

'டிஏ 40' என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். டொமைன் அதாரிட்டி என்பது மாஸ் என்ற நிறுவனம் தன் கணிப்புக்காக வைத்திருக்கும் 1 முதல் 100 வரையிலான எண். டொமைன் ரேட்டிங் என்பது ஏரெஃப்ஸ் நிறுவனத்துடையது. கூகுள் தரவரிசைக்கு இரண்டையும் பார்ப்பதில்லை. இரண்டும் லிங்க்குகளை எண்ணித்தான் வருகின்றன, அதனால் லிங்க் குவித்தே அந்த எண்ணையும் ஏற்றிவிட முடியும். லிங்க் விற்பவர்கள் முதலில் செய்வது அதைத்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்: உங்கள் குறை லிங்க்தானா? தமிழில் பல தேடல்களுக்குப் போட்டி குறைவு. தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் கருவியில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, சராசரி இடம் 11 முதல் 20 வரை உள்ள தேடல்களை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றையும் கூகுளில் தேடி, முதல் ஐந்து முடிவுகளைப் படியுங்கள். அங்கிருப்பவை உங்கள் பக்கத்தை விடத் தெளிவாகக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்றால் முதலில் பக்கத்தைத் திருத்துங்கள். உங்களுடையது நன்றாக இருந்தும் அவை முன்னால் நிற்கின்றன என்றால்தான் லிங்க் பற்றிக் கவலைப்பட வேண்டும். லிங்க் இப்போது முதல் மூன்று காரணிகளில் ஒன்றல்ல என்று கூகுளின் கேரி இலியஸ் 2023-இல் சொன்னார். அதனால் லிங்க்குக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடாது, ஆனால் அது ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

சரி, இயற்கையாக லிங்க் எப்படி வரும்?

லிங்க் கொடுக்கிறவர் யார் என்று யோசியுங்கள். உங்கள் வாசகர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சொந்தத் தளம் கிடையாது. அவர்கள் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதில் வாசகர்கள் வருவார்கள், ஆனால் அது பேக்லிங்க் ஆகாது. லிங்க் கொடுக்கக் கூடியவர் இன்னொரு எழுத்தாளர்: வலைப்பூ எழுதுபவர், செய்தியாளர், ஆசிரியர், வேளாண் கல்லூரிப் பேராசிரியர், கட்டடப் பொறியாளர். அவர் லிங்க் கொடுப்பது தான் எழுதிக்கொண்டிருக்கும்போது, ஒரு வாக்கியத்தின் நடுவில். 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று வாசகர் கேட்பாரே என்று தோன்றும் இடத்தில், அல்லது 'இதை விளக்கப் போனால் நாலு பக்கம் ஆகும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று தோன்றும் இடத்தில். 'மாடித்தோட்டத்தின் பத்துப் பயன்கள்' என்ற கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்குத் தேவையில்லை. அதை அவரே அரைமணி நேரத்தில் எழுதிவிடுவார். அவரால் உடனே செய்ய முடியாத வேலை ஒன்றை நீங்கள் செய்து வைத்திருந்தால், அதைத்தான் காட்டுவார்.

உங்கள் துறையிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடி எவ்வளவு பாரம் தாங்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'அதிகப் பாரம் ஏற்றாதீர்கள்' என்று எல்லாக் கட்டுரைகளும் சொல்கின்றன, ஒரு பை எத்தனை கிலோ என்று எதுவும் சொல்வதில்லை. நீங்கள் அளந்து போடுங்கள். கடையில் கிடைக்கும் நான்கு அளவு வளர்ப்புப் பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், செம்மண் கலவையை இரண்டு விகிதத்தில் தயாரித்து ஒவ்வொரு அளவுக்கும் மூன்று பை நிரப்புங்கள். காய்ந்த நிலையில் ஒருமுறை, அடியில் தண்ணீர் வழியும்வரை ஊற்றிச் சொட்டுவது நின்ற பிறகு ஒருமுறை தராசில் வையுங்கள். மூன்றின் சராசரியையும், கூடியது குறைந்தது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். தராசின் எண் தெரியும்படி படம் எடுங்கள். அதன் பக்கத்தில், ஆள் நடமாடும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875-இன் இரண்டாம் பகுதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ, சதுர அடிக்கு 14 கிலோ என்பதையும் போடுங்கள். பழைய வீடுகளுக்கு இதை அப்படியே பொருத்தக்கூடாது, பொறியாளரைக் கேட்க வேண்டும் என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்தப் பக்கம் தோட்டக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. நீர்க்கசிவு பற்றி எழுதும் கட்டடப் பொறியாளருக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு விதிமுறை எழுதுபவருக்கும், பள்ளித் தோட்டத் திட்டம் போடும் ஆசிரியருக்கும் அது வேண்டும். மூன்று வெவ்வேறு துறைத் தளங்களிலிருந்து லிங்க் வருவதற்கான வாசல் ஒரே பக்கத்தில் இருக்கிறது. அட்டவணை மேலேயே இருக்கட்டும், அளந்த முறை கீழே வரட்டும். அளந்த மாதமும் வருடமும் கட்டாயம் வேண்டும். ஆதாரமாகக் காட்டுபவர் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.

இதே வகையில் இன்னும் சில. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்லத் தெரிந்தவர்கள் நிறைய, எந்தத் தமிழ் மாதத்தில் எந்தக் காய், ஆங்கிலத் தேதி என்ன, நாற்று விடுவதா நேரடியாக விதைப்பதா என்று ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டும்படி போட்டிருப்பவர்கள் குறைவு. காய்களுக்கும் பூச்சிகளுக்கும் வட்டாரப் பெயர் அட்டவணையும் நன்றாக எடுபடும். தமிழ்நாட்டில் வெண்டைக்காய், பப்பாளி. இலங்கையில் வெண்டிக்காய், பப்பாசி. இரண்டு பக்கத்து வாசகருக்கும் ஒரே பக்கம் பயன்படுமானால் இரண்டு நாட்டுத் தளங்களும் காட்டும். ஆனால் எல்லாவற்றிலும் கைமேல் பலன் தருவது படங்கள் என்பது என் கருத்து. மாவுப்பூச்சி, அசுவினி, இலைச்சுருட்டல் ஆகியவற்றை ஆரம்ப நிலை, நடு நிலை, முற்றிய நிலை என்று நீங்களே எடுத்த படங்கள், 'பெயரையும் இணைப்பையும் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம்' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு. படத்துக்குக் கீழேயே நகலெடுக்க வசதியாக நன்றிக்குறிப்பு வரியை லிங்க்கோடு எழுதிவையுங்கள். அதே படங்களில் சிலவற்றை விக்கிமீடியா காமன்ஸிலும் ஏற்றுங்கள். அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்துபவர்களுக்கும் பெயர் குறிப்பிடும் கடமை உண்டு.

இங்கே தமிழ் இணையத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நம்மிடம் லிங்க் கொடுப்பதை விட முழுசாக நகலெடுத்து ஒட்டுவது அதிகம். அடியில் 'நன்றி: இணையம்' என்றிருக்கும். உழைத்து எழுதியவருக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஆனாலும் உடனே புகார் கொடுக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் தளத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். உங்கள் கட்டுரைகளிலிருந்து வழக்கமில்லாத ஒரு வரியை எடுத்து அதையும் அப்படியே தேடுங்கள். முக்கியமான படங்களைக் கூகுள் லென்ஸில் போடுங்கள். கிடைப்பவற்றில் நிஜமான மனிதர் நடத்தும் தளங்களுக்கு மட்டும், 'எங்கள் படத்தைப் பயன்படுத்தியதில் மகிழ்ச்சி, நன்றிக்குறிப்பில் இந்தப் பக்கத்தின் இணைப்பைச் சேர்த்துவிட முடியுமா?' என்று எழுதுங்கள். ஏற்கெனவே உங்கள் சரக்கை மதித்து எடுத்தவர் அவர், அறிமுகமே இல்லாதவரை விட அவர் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். முழுக் கட்டுரையையும் எடுத்துக்கொண்டு பதிலே சொல்லாதவர்கள் மீது மட்டும் காப்புரிமைப் புகார் கொடுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய இன்னொரு கோளாறு முகவரியில் இருக்கிறது. தளம் நடத்தப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழிலேயே அமையும். அதை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று விழுக்காட்டுக் குறிகள் கொண்ட ஒன்பது எழுத்தாக விரியும். 'மாடித்தோட்டம்' என்ற சொல்லில் கணினிக்கு 13 குறிகள், ஆகவே 117 எழுத்து. வேர்ட்பிரஸ் அந்தப் பகுதியை 200 எழுத்தோடு வெட்டிவிடும். 'மாடித்தோட்டம் பை எடை அட்டவணை' என்று வைத்தால் 'மாடித்தோட்டம்-பை-எடை-அட்' என்று நிற்கும். கூகுளுக்கு இதில் சிக்கல் இல்லை, தமிழ் முகவரியை நன்றாகவே படிக்கும். சிக்கல் மனிதருக்கு. இவ்வளவு நீளமான முகவரி மின்னஞ்சலில் இரண்டு வரியாக உடைந்து, ஒட்டியவர் முதல் வரியை மட்டும் எடுத்து, லிங்க் பிழைப்பக்கத்துக்குப் போகும். இனி எழுதும் பக்கங்களுக்கு மூன்று நான்கு சொல்லில், ஆங்கில எழுத்தில் குறுகிய முகவரி கொடுங்கள். பழையவற்றை அழகுக்காக மாற்ற வேண்டாம்.

மாற்றியே தீர வேண்டுமானால், அல்லது ஏற்கெனவே மாற்றியிருந்தால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பும் 301 ரீடைரக்ட் கட்டாயம். புதிய லிங்க் தேடுவதற்கு முன்பு பழைய லிங்க்கை மீட்பதுதான் மலிவான வேலை. சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கையில் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழைப் பட்டியலைப் பாருங்கள். ஏரெஃப்ஸ் தன் வெப்மாஸ்டர் கருவியைச் சொந்தத் தளத்துக்கு இலவசமாகத் தருகிறது, அதில் வெளியிலிருந்து லிங்க் வந்தும் இல்லாமல் போன பக்கங்களைப் பிரித்தெடுக்கலாம். ஒவ்வொன்றையும் அதே பொருளுள்ள பக்கத்துக்குத் திருப்புங்கள். சோம்பலில் எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதைப் பக்கம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும், மதிப்பு வந்து சேராது. ரீடைரக்ட்டைக் குறைந்தது ஒரு வருடமாவது விட்டுவையுங்கள். என்னைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம்.

எடைப் பக்கம் தயாரான பிறகு யாருக்கும் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சொல்வது தவறில்லை. கூகுள் தடுப்பது காசுக்கும் கைமாற்றுக்கும் லிங்க் வாங்குவதை, நல்ல பக்கத்தை உரியவருக்குக் காட்டுவதை அல்ல. மொட்டைமாடி, நீர்க்கசிவு, தொட்டி, பாரம் என்ற சொற்களை மாற்றி மாற்றித் தேடி, பாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு எண் கொடுக்காமல் விட்ட இருபது பக்கங்களைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றையும் முழுசாகப் படியுங்கள். படிக்காமல் எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கடிதம் இந்த அளவு இருந்தால் போதும்:

'வணக்கம். மொட்டைமாடி நீர்க்கசிவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தொட்டிகளின் பாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நான்காம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். நனைந்த பை எத்தனை கிலோ வரும் என்று நான்கு அளவுப் பைகளை நிறுத்து அட்டவணையாகப் போட்டிருக்கிறேன். உங்கள் வாசகர்களுக்கு உதவும் என்று நினைத்தால் அந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அளந்த முறையில் பிழை ஏதும் தென்பட்டால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.'

கீழே பெயர், தளம், எடைப் பக்கத்தின் முகவரி. லிங்க்கில் எந்தச் சொல் வர வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடாது. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். இருபதுக்கு இரண்டு மூன்று பேர் சேர்த்தாலே நல்ல பலன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் சொல்லச் சொல்லும் கடைசி வரியைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். பொறியாளர் ஒருவர் உண்மையிலேயே பிழை சொன்னால் திருத்தி, திருத்திய தேதியையும் போடுங்கள். திருத்தம் சொன்னவர் அந்தப் பக்கத்தைத் தானே நாலு பேருக்குக் காட்டுவார்.

அந்தப் பக்கங்களில் வேலை செய்யாத வெளி லிங்க் கண்ணில் பட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூடப்பட்ட தளத்துக்குப் போகும் லிங்க் இருந்தால், அங்கே முன்பு என்ன இருந்தது என்று இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பார்க்கலாம். அதே தகவல் உங்களிடம் இன்னும் நன்றாக இருந்தால் மட்டும் 'இந்த லிங்க் வேலை செய்யவில்லை, மாற்றாக இது இருக்கிறது' என்று சொல்லுங்கள். கல்லூரித் தளங்களில் இப்படி உடைந்த லிங்க் நிறையக் கிடைக்கும். கல்லூரி டொமைன் என்பதற்காகவே கூடுதல் மதிப்பு உண்டு என்பது வெறும் நம்பிக்கை. அந்தப் பக்கத்தை நாலு பேர் படிக்கிறார்களா, பொருள் பொருந்துகிறதா என்பதுதான் கணக்கு.

மற்ற தளங்களுக்கு விருந்தினர் கட்டுரை எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்தத் தளத்தின் வாசகர்கள் உங்களுக்கு வேண்டும் என்றால் எழுதுங்கள். லிங்க்குக்காக மட்டும் என்றால் வேண்டாம். கூகுளின் ஸ்பாம் தடுப்புக் குழுவுக்குத் தலைமை வகித்த மேட் கட்ஸ் 2014 ஜனவரியிலேயே அந்த வழி முடிந்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். 'நீ எனக்கு, நான் உனக்கு' என்ற பரிமாற்றமும் அப்படித்தான். ஒரே துறையில் இருக்கும் இரண்டு நண்பர்கள் தேவைப்பட்ட இடத்தில் ஒருவரை ஒருவர் காட்டுவதில் குற்றமில்லை. அதற்கென்றே 'நண்பர்கள்' என்று ஒரு பக்கம் வைத்து ஐம்பது பேரை அடுக்கினால் கூகுள் விதிக்கு எதிரானது. நர்சரிக்காரர் இலவசமாக விதை கொடுத்து எழுதச் சொன்னாலும் அது விலைதான். அப்படிக் கொடுக்கும் லிங்க்கில் 'இது விலைக்குக் கொடுத்தது' என்று சொல்லும் ஸ்பான்சர்ட் குறியீடு, அல்லது 'இதை என் சான்றாக எடுக்காதே' என்று சொல்லும் நோஃபாலோ குறியீடு வேண்டும்.

நோஃபாலோ பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. பின்னூட்டக் குப்பையைத் தடுக்க 2005-இல் வந்த குறியீடு அது. 2019 செப்டம்பரில் ஸ்பான்சர்ட், யூஜிசி (வாசகர்கள் எழுதும் பகுதிக்கு உரியது) என்ற இரண்டையும் சேர்த்து, மூன்றையும் கட்டளையாக அல்லாமல் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்வதாகக் கூகுள் அறிவித்தது. விக்கிப்பீடியாவின் வெளி லிங்க் எல்லாம் நோஃபாலோதான். அதனால் வீண் என்று ஒதுக்க வேண்டாம். ஆதாரம் தேடும் எழுத்தாளர்கள் அங்கேதான் முதலில் போகிறார்கள், அங்கிருந்து உங்களிடம் வந்து தங்கள் கட்டுரையில் சாதாரண லிங்க் கொடுப்பார்கள். ஆனால் உங்கள் தளத்தை நீங்களே போய் விக்கிப்பீடியாவில் திணிக்காதீர்கள். அழித்துவிடுவார்கள், தொடர்ந்தால் உங்கள் டொமைனையே தடைப்பட்டியலில் சேர்ப்பார்கள்.

ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது லிங்க்கின் மேல் இருக்கும் சொற்கள், தானாக வரும்போது தாறுமாறாகத்தான் இருக்கும். ஒருவர் தளத்தின் பெயரைப் போடுவார், ஒருவர் முகவரியையே ஒட்டுவார், ஒருவர் 'இங்கே' என்பார். வெளியிலிருந்து வரும் லிங்க்கில் பெரும்பகுதி 'சிறந்த மாடித்தோட்டம் டிப்ஸ்' என்று ஒரே சொற்றொடரில் இருந்தால், யாரோ எழுதிக் கொடுத்தது என்று இயந்திரத்துக்கும் புரியும் மனிதருக்கும் புரியும். வெளியில் சொற்களைத் தீர்மானிக்க முயலாதீர்கள். உங்கள் தளத்துக்குள்ளே அந்தச் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது. எடைப் பக்கத்துக்கு லிங்க் வரத் தொடங்கியதும், அங்கிருந்து பை தேர்வு, கலவை விகிதம், வடிகால் பற்றிய கட்டுரைகளுக்குத் தெளிவான சொற்களில் உள்லிங்க் கொடுங்கள். பலர் இதைச் செய்யாமல், லிங்க் வந்த பக்கம் மட்டும் உயர்ந்து மற்ற அறுபத்தொன்பதும் அப்படியே கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மதிப்பு போக வழி வெட்டிவிட வேண்டும், தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

வந்த லிங்க் வேலை செய்கிறதா என்று பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். சொடுக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத் தாவும் பொத்தான் கூகுளுக்கு நம்பகமான லிங்க் அல்ல. மூல நிரலில் சாதாரண ஆங்கர் குறியும் முகவரியும் இருக்க வேண்டும். உங்கள் பக்கம் நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே) ஆகவோ வேறு பக்கத்தைக் கனானிக்கலாக (மூலப் பக்கமாக) காட்டிக்கொண்டோ இருக்கிறதா என்று சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் பார்த்துவிடுங்கள்.

முன்பே இப்படிப் பொட்டலம் வாங்கியிருந்தால் பதற வேண்டாம். சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கைகள் என்ற பகுதியைத் திறங்கள். அங்கே எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இயல்பற்ற லிங்க் என்று அறிவிப்பு இருந்தால், முதலில் லிங்க் இருக்கும் தளங்களுக்கு எழுதி நீக்கச் சொல்லுங்கள், நீக்கச் சொன்னதற்குப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள். மீதியை டிஸ்அவோ கோப்பில், அதாவது 'இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளுக்குக் கொடுக்கும் பட்டியலில் எழுதுங்கள்: சாதாரண உரைக்கோப்பு, வரிக்கு ஒரு டொமைன் அல்லது முகவரி, அதிகபட்சம் 1,00,000 வரி, 2 எம்பி. சர்ச் கன்சோலில் தளத்தை முழு டொமைனாகச் சேர்த்திருந்தால் அந்தக் கருவி வேலை செய்யாது, முகவரி முன்னொட்டு வகையில் தனியாகச் சேர்க்க வேண்டும். புதிய கோப்பை ஏற்றினால் பழையது முழுவதும் போய்விடும், அதனால் எப்போதும் முழுப் பட்டியலையும் ஏற்றுங்கள். பிறகு மறுபரிசீலனைக் கோரிக்கை. அறிவிப்பு இல்லாதவர்கள் வெறும் பயத்தில் இந்தக் கருவியைத் தொட்டு, நல்ல லிங்க்கையும் சேர்த்துக் கைவிட்டுவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

காலக்கணக்கு: லிங்க் கொடுத்த பக்கத்தைக் கூகுள் மறுபடி வந்து படிக்கவே சில நாள் முதல் சில வாரம் ஆகும். அதன் பலன் தேடலில் தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் தினமும் இடத்தைப் பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலின் லிங்க் அறிக்கையிலிருந்து சமீபத்திய லிங்க்குகளை இறக்கி ஒரு தாளில் சேருங்கள்: தேதி, எந்தத் தளம், உங்களுடைய எந்தப் பக்கத்துக்கு, எந்தச் சொல்லில். மொத்த லிங்க் எண்ணிக்கையை விட எத்தனை தனித்தனித் தளங்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு தளம் தன் அடிப்பகுதியில் உங்கள் பெயரைப் போட்டால் அதுவே ஆயிரம் லிங்க் என்று காட்டும், ஆனால் அது ஒரு தளம்தான். ஆறு மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். எடைப் பக்கத்துக்கு ஒன்றிரண்டே வந்து, இலைச்சுருட்டல் படங்களுக்கு எட்டு வந்திருந்தால், அடுத்த பட்டத்தில் கேமராவை எடுத்துக்கொண்டு காலையிலேயே மாடிக்குப் போங்கள்.